கண்டதை எழுதுக!

(பள்ளி அறிவியற் கண்காட்சியொன்றன் நிறைவு நாளில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தசையின் அயர்வைப் பற்றித் தமிழாசிரியன் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எலும்பையும் தசையையும் நரம்பையும் பற்றிச் சொல்வதற்கு உயிரியலாசிரியர்கள் இங்கே வீற்றிருக்கின்றனர். ஆனால், ஆய்வைச் செய்து முடித்தபின் மாணவன் முடிவுரை என்று ஒன்றை எழுதுகின்றானே, அது சொற்களால் ஆனது. சொல்லும் பொருளும் தம்முள் பொருந்தி நிற்கின்றனவா என்று பார்ப்பது என் தொழில். அந்த உரிமை ஒன்றைக் கொண்டே உங்கள்முன் நிற்கின்றேன்.

இக்கண்காட்சியில் வைக்கப்பட்ட தசை அயர்வு ஆய்வேடுகளை எழுத்துப்பிழை பார்ப்பதற்காக என்னிடம் தந்திருந்தனர். அனைத்தையும் படித்தேன். எண்ணிக்கை ஏட்டுக்கு ஏடு வேறாக இருந்தது. வரைபடமும் வேறாக இருந்தது. கடைசி வரி மட்டும் எல்லா ஏட்டிலும் ஒன்றாகவே இருந்தது. "தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்தமையால் தசை சோர்வுற்றது" என்பதே அவ்வரி. அதில் எழுத்துப்பிழை இல்லை, புணர்ச்சிப்பிழையும் இல்லை. ஆனால், அதனினும் பெரிய பிழையொன்று அதனுள் இருக்கின்றது. அவ்வரியை எழுதிய மாணவருள் ஒருவரேனும் அந்த அமிலத்தைக் கண்டாரா? அளந்தாரா? முகர்ந்தாரா? சுவைத்தாரா? ஒருவரும் இல்லை. கையில் இருந்தது துணிக்கவ்வி. எதிரே இருந்தது கடிகாரம். கவ்வியும் கடிகாரமும் காட்டாத ஒரு பொருள் ஆய்வின் முடிவாக எவ்வாறு வந்து அமர்ந்தது? இவ்வொரு கேள்வியைப் பற்றியே பேச விழைகின்றேன்.

ஆய்வு எது?

பெற்றோர்கள் பொருட்டு முதலில் இவ்வாய்வை விளக்கிவிடுகின்றேன். கொடியில் காயும் துணி பறந்துவிடாதபடி செருகுகின்றோமே, கடைத்தெருவில் கிளிப்பு என்று கேட்டு வாங்குகின்றோமே, அந்தக் கவ்விதான் கருவி. அதனைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துக்கொள்ளவேண்டும். அதன் வாய் முழுதும் திறக்குமாறு அழுத்தி, பின்பு விடவேண்டும். இப்படி 30 நொடியில் எத்தனை முறை திறந்து மூட முடிகின்றது என்பதை உடனிருப்பவர் எண்ணிக் குறிக்கவேண்டும். இடையில் நிறுத்தாமல், அடுத்த 30 நொடி, அதற்கடுத்த 30 நொடி என்று ஆறு பகுதிகளை முடிக்கவேண்டும். பிறகு ஐந்து நிமையம் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுத்தபின், மீண்டும் ஒரு பகுதி. அவ்வளவுதான். செலவு சில காசுகள். பயனோ பெரிது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். முதற் பகுதியில் 50 முறையும் ஆறாம் பகுதியில் 35 முறையும் திறந்தான் என்றால், குறைவு 15. அதாவது நூற்றுக்கு 30 விழுக்காடு. ஓய்வுக்குப்பின் 46 முறை திறந்தான் என்றால், இழந்த 15-இல் 11 மீண்டது, 4 மீளவில்லை. இந்த எண்களைக் கட்டத்தாளில் புள்ளியிட்டு இணைத்தால் ஒரு சரிவு தோன்றும். அச்சரிவுதான் ஆய்வின் விளைவு. அதனை அயர்வுக்கோடு என்று அழைப்போம்.

இதன் தொடக்கம்

இவ்வாய்வு நேற்றுத் தோன்றியதன்று. இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் உடலியற் பேராசிரியராயிருந்த ஆஞ்செலோ மோசோ என்பார், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எர்கோகிராபு என்னும் கருவியை அமைத்தார். வேலைவரைவி என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். முன்கையை ஒரு பலகையில் அசையாவண்ணம் பிணித்து, நடுவிரல் ஒன்றை மட்டும் மடக்கவிட்டு, அவ்விரலில் கட்டிய கயிற்றைக் கப்பியின்மேல் செலுத்தி, மறுமுனையில் 3 கிலோ எடையைத் தொங்கவிட்டார். இரண்டு நொடிக்கு ஒருமுறை விரலை மடக்கி எடையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு தூக்கின் உயரமும் சுழலும் தாளில் கோடாகப் பதியும். 1891ஆம் ஆண்டில் 'அயர்வு' என்னும் பொருள்தரும் பெயரால் அவர் நூலொன்றையும் வெளியிட்டார்.

அவர் கண்டவற்றுள் இரண்டைச் சொல்கின்றேன். ஒன்று: ஒரே எடையை ஒரே கால அளவில் தூக்கினாலும், ஒருவர் கோடு மற்றொருவர் கோட்டைப் போன்றில்லை. அவருடன் பணியாற்றிய மருத்துவர்களான மாச்சோராவுக்கும் அதூக்கோவுக்கும் வெவ்வேறு கோடுகள் அமைந்தன. சிலர் நெடுநேரம் உயரம் குறையாமல் தூக்கி, இறுதியில் சட்டென்று வீழ்வர். சிலர் தொடக்கமுதலே சிறிது சிறிதாக இறங்குவர். கையெழுத்துப்போல் அயர்வும் ஆளுக்கு ஆள் வேறாகின்றது. இரண்டு: மாணவர்களை வாய்மொழித் தேர்வில் நெடுநேரம் வினவிவிட்டு வந்த மாச்சோராவின் விரல், அன்று வழக்கத்தினும் குறைவாகவே தூக்கிற்று. விரல் அன்று ஒரு வேலையும் செய்யவில்லை, உழைத்தது மூளையே. ஆயினும் அயர்வு விரலில் தெரிந்தது.

மோசோ எழுதியவற்றில் எவ்வளவு கண்டாரோ அவ்வளவும் இன்றும் நிற்கின்றது. ஏன் அவ்வாறு நிகழ்கின்றது என்று அவர் உய்த்துணர்ந்து உரைத்தவற்றுள் பல நிற்கவில்லை. இதனை நெஞ்சில் நிறுத்துக. கண்டது நிலைக்கும், கண்டதற்கு மேல் கட்டியது ஆட்டங்காணும்.

வேலைவரைவியை நம் பள்ளியிலும் அமைக்கலாம். கப்பி ஒன்று, கயிறு, எடைக்கற்கள், பலகை இவை போதும். சிறுவர்க்கு 3 கிலோ வேண்டா. அவரவர் எளிதில் பலமுறை தூக்கக்கூடிய சிறிய எடை போதும். இரண்டு நொடிக் கணக்கிற்குக் கருவி வேண்டுமா? ஒரு மீட்டர் நீளக் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி ஆட்டிவிடுக. அது ஒருபுறமிருந்து சென்று மீண்டு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு நொடி ஆகும்.

அந்த வரி எங்கிருந்து வந்தது?

இனி, எல்லா ஏட்டிலும் வந்து அமர்ந்த அந்த வரிக்கு வருவோம். லாக்டிக் அமிலம் என்பதனைத் தமிழில் பாற்காடி எனலாம். இப்பெயர் வந்த வரலாறே சுவையானது. 1780ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் சீலே என்பார் புளித்த பாலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். அதனாற் பாலின் பெயரே இதற்கு அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சீலியசு என்னும் மற்றொரு சுவீடன் அறிஞர் இதனைத் தசையிலும் கண்டார்.

ஆனால், தசையில் அஃது எப்பொழுது உண்டாகின்றது? உழைக்கும்போதா, ஓய்விலா, இறந்தபின்னா? ஒவ்வோர் ஆய்வாளரும் ஒவ்வொன்று சொல்லி வந்தனர். 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் பிளெச்சர், ஆப்கின்சு என்னும் இருவர் இக்குழப்பத்தின் வேரைக் கண்டனர். தசையை வெட்டி அரைக்கும்போதே அதனுள் பாற்காடி மிகுதியாக உண்டாகிவிடுகின்றது. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளைக் கூட்டிவிட்டது! ஆகவே அவர்கள் தவளையின் தசையைப் பனிக்கட்டிபோற் குளிர்ந்த சாராயத்தில் திடீரென அமிழ்த்தி, அந்நொடியில் இருந்த நிலையிலேயே நிறுத்தி, பிறகு அளந்தனர். உயிர்வளியின்றி உழைத்து அயர்ந்த தசையில் பாற்காடி மிகுந்திருந்தது. அதனை உயிர்வளியில் வைத்தபோது பாற்காடி குறைந்தது.

அதன்பின் செருமனியின் ஓட்டோ மெயரோப், இங்கிலாந்தின் ஆர்ச்சிபால்டு கில் ஆகியோர் இத்துறையை வளர்த்தனர். தசை தன்னுள் சேமித்து வைத்திருக்கும் மாவுப்பொருளே பாற்காடியாகின்றது என்று மெயரோப் காட்டினார். தசை சுருங்கும்போது வெளிப்படும் வெப்பத்தைக் கில் நுட்பமாக அளந்தார். 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு இவ்விருவர்க்கும் அளிக்கப்பட்டது. பரிசு பெற்றபின் பாற்காடியின் புகழ் பரவிற்று. தசை சுருங்குவதற்கும் அதுவே கரணியம், தசை அயர்வதற்கும் அதுவே கரணியம் என்று பாடநூல்கள் எழுதின. நம் மாணவர்களின் ஏட்டில் இருக்கும் வரி அப்போது பிறந்ததே.

அந்த வரிக்கு நேர்ந்தது

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். 1930ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டின் லுண்ட்சுகார்டு என்பார் தசையை ஒருவகை நஞ்சில் தோய்த்தார். அந்நஞ்சு தசையில் பாற்காடி உண்டாகாமல் முற்றும் தடுத்துவிடும். பாற்காடியின்றிச் சுருக்கமில்லை என்றால் அத்தசை சுருங்கவே கூடாது. அதுவோ பலமுறை சுருங்கிற்று. அதன்பின்னரே ஓய்ந்து விறைத்தது. பாற்காடியே சுருக்கத்தின் கரணியம் என்ற கொள்கை அன்றே வீழ்ந்தது. வியப்பு என்னவென்றால், அக்கொள்கைக்காக உழைத்த கில் அவர்களே அவ்வீழ்ச்சியை ஒப்புக்கொண்டு, தசையியலில் நேர்ந்த புரட்சி என்று 1932ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார். நோபல் பரிசு பெற்றவர் தம் கொள்கையைக் கைவிட்டார். நாமோ அக்கொள்கையின் எச்சத்தை இன்றும் கைவிடவில்லை!

1951ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் மக்கார்டில் என்பார் புதியதொரு நோயை விளக்கினார். அந்நோயாளியின் தசைகள் சேமித்த மாவுப்பொருளைப் பயன்படுத்த இயலாதவை. ஆகவே கடினமாக உழைத்தாலும் பாற்காடி பெருகுவதில்லை. பாற்காடியே அயர்வின் கரணியம் என்றால் அவர் அயராத மாந்தராக அன்றோ இருக்கவேண்டும்? உண்மையோ நேர்மாறு. பிறரினும் மிக விரைவில் அவர் அயர்ந்தார்; தசை இறுகி வலித்தது. பாற்காடி இன்றியும் தசை அயரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1980-களிலிருந்து அமெரிக்க அறிஞர் சார்ச்சு புரூக்சு முதலானோர் மற்றோர் உண்மையை வலியுறுத்தி வந்துள்ளனர். பாற்காடியிலிருந்து வரும் பொருள் கழிவன்று, அஃது எரிபொருள். ஒரு தசை வெளிவிடுவதனை நெஞ்சாங்குலையும் பிற தசைகளும் எடுத்து எரித்து ஆற்றலாக்கிக் கொள்கின்றன. கடும் உழைப்புக்கு மறுநாள் தோன்றும் தசைவலிக்கும் பாற்காடி கரணியமன்று. உழைப்பு முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் அதன் அளவு பழைய நிலையை நெருங்கிவிடுகின்றது. மறுநாள் வலி, வழக்கமற்ற உழைப்பால் தசைநார்களில் நேரும் நுண்ணிய சிதைவோடும் அதனைச் செப்பனிடும் பணியோடும் தொடர்புடையது.

அப்படியானால் தசை ஏன் அயர்கின்றது? ஒரே விடை இல்லை. ஆற்றற்பொருள் சிதையும்போது பாசுபேட்டு என்னும் பொருள் தசையணுவுக்குள் பெருகி, இழுக்கும் வலிமையைக் குறைக்கின்றது. தசையணுவுக்குள் சுருக்கத்தைத் தூண்டுவது கால்சியம். அதன் வெளிப்பாடு உழைப்பு நீளும்போது குறைகின்றது. பொட்டாசியம் அணுவிலிருந்து வெளியேறித் தேங்குவதால் மின்தூண்டல் தளர்கின்றது. காடித்தன்மை கூடுவதற்கும் பங்கே இல்லையென்று சொல்லிவிட முடியாது. குளிர்ந்த தவளைத்தசையில் கண்ட அளவுக்கு உடற்சூட்டிலுள்ள தசையில் அதன் தாக்கம் பெரிதன்று என்பதே பின்வந்த ஆய்வுகள் காட்டியது. இவற்றோடு மூளையும் சேர்கின்றது.

மூளையின் பங்கு பற்றி ஒரு செய்தி. 1954ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மெர்ட்டன் என்பார் பெருவிரலை உள்நோக்கி இழுக்கும் தசையைக் கொண்டே ஆய்வு செய்தார். முழு வலிமையோடு இழுத்து விரல் அயர்ந்த நிலையில், மணிக்கட்டு நரம்பில் மின்தூண்டல் கொடுத்தார். மனவலியால் இழுத்ததற்கு மேல் ஒன்றும் கூடவில்லை. ஆகவே அயர்வு தசையில்தான் என்றார். குருதியோட்டத்தை நிறுத்தி வைத்திருந்தவரையில் வலிமை மீளவில்லை; ஓட்டத்தை விட்டபின்னரே மீண்டது என்றும் கண்டார். பின்வந்தோர் இன்னும் நுண்ணிய கருவிகளால் ஆய்ந்தபோது, பல வேலைகளில் மின்தூண்டல் சிறிது கூடுதல் வலிமையைக் கொணர்ந்தது. அதாவது மூளை அனுப்பும் ஏவலும் குறைந்திருந்தது. மோசோ கண்டதும் மெர்ட்டன் கண்டதும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. வேலைக்கு ஏற்ப இரண்டன் பங்கும் மாறுகின்றன.

ஏடு எதைச் சொல்லலாம்?

இத்தனையையும் மாணவன் மனப்பாடம் செய்து முடிவுரையில் எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் பழைய வரியை நீக்கிப் புதிய வரியை அமர்த்தியதாகும், நோய் தீர்ந்ததாகாது. பாசுபேட்டையும் கவ்வி காட்டவில்லை. கால்சியத்தையும் கவ்வி காட்டவில்லை. கவ்வி காட்டியதை எழுதுவதே முறை.

அது என்ன காட்டிற்று? இடைவிடாது வேலை செய்த விரல்களின் வேகம் பகுதிக்குப் பகுதி குறைந்தது. ஓய்வுக்குப்பின் பெரும்பகுதி மீண்டது. ஒருவர் கோடும் மற்றொருவர் கோடும் ஒன்றாயில்லை. இவை கண்டவை. இவற்றை எழுதுக.

பிறகு ஐயங்களை எழுதுக. குறைந்தது விரலின் ஆற்றல்தானா? கவ்வியின் சுருள்வில் தளர்ந்திருக்குமாயின் எண்ணிக்கை கூடியிருக்கும். வேறு கவ்வியால் மீண்டும் செய்து பார்த்தாயா? அயர்ந்தபோது வாய் முழுதும் திறந்ததா, பாதிதான் திறந்ததா? பாதித் திறப்பையும் ஒன்றென எண்ணியிருந்தால் அயர்வு உன் கணக்கில் மறைந்துபோயிருக்கும். எண்ணியவர் கவனம் சிதறவில்லையா? முதல்முறை செய்யும்போது கை பழகாமல் இருந்து, இரண்டாம்முறை பழக்கத்தால் விரைந்ததா? வலக்கையை முதலிலும் இடக்கையை அடுத்தும் செய்தாய். இடக்கை குறைவாகச் செய்ததற்குப் பழக்கமின்மை கரணியமா, உள்ளம் சலித்தது கரணியமா? பாதி மாணவர் வலக்கையில் தொடங்கவும் பாதி மாணவர் இடக்கையில் தொடங்கவும் செய்தால் இவ்வையம் ஓரளவு தீரும். ஒருமுறை செய்து நிறுத்தாமல் மூன்று நாள் செய்து நிரவல் எடுத்தால் இன்னும் தீரும்.

இனிப் புதிய கேள்விகளைக் கேட்கலாம். கையைத் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு செய்தால் என்னாகும்? உயர்த்திய கைக்குக் குருதி ஏறுவது கடினம் ஆகையால், விரைவில் அயருமா? செய்து பாருங்கள். கயிற்றாலோ துணியாலோ கையை இறுக்கிக் கட்டி மட்டும் பார்க்கவேண்டா, அது தீங்கு. ஓய்வை ஒரு நிமையம், இரண்டு நிமையம், ஐந்து நிமையம் என்று மாற்றினால் மீட்சி எவ்வாறு மாறும்? கணக்குத் தேர்வுக்கு முன்பும் பின்பும் செய்தால், மாச்சோராவின் விரலுக்கு நேர்ந்தது நம் விரலுக்கும் நேருமா? இக்கேள்விகளுக்கு விடை பாடநூலின் பின்பக்கத்தில் இல்லை. உங்கள் விரலில்தான் இருக்கின்றது.

சொல்லும் ஒரு கருவியே

இங்கேதான் என் தொழில் பயன்படுகின்றது. ஆய்வின்போது என்ன உணர்ந்தாய் என்று கேட்டால், ஏடுகள் எல்லாம் "சோர்வு" என்ற ஒரே சொல்லைச் சொல்கின்றன. வீட்டில் அதே மாணவர் இவ்வளவு வறுமையாகப் பேசுவதில்லை. கை கடுக்கிறது என்கின்றனர்; எரிகிறது என்கின்றனர்; நடுங்குகிறது, துவள்கிறது, மரமரக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது என்கின்றனர். நெடுந்தொலைவு நடந்து வந்த பாட்டி கால் உளைகிறது என்கின்றாள். இவை ஒரு பொருட் பன்மொழிகள் அல்ல. கடுப்பு வேறு, எரிவு வேறு. நடுக்கம் கண்ணால் காணத்தக்கது. கடுப்பு உணர்பவன் மட்டுமே அறிவது. துவளுதல் வலிமை குன்றியதைச் சொல்கின்றது. பிடிப்பு தசை தளர மறுத்ததைச் சொல்கின்றது. மரமரப்போ தொடுவுணர்வு மங்கியதைச் சொல்கின்றது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வியர்த்தலையும் நடுக்கத்தையும் தனித்தனியே எண்ணி வைத்தது இத்தகைய கூர்மையாலன்றோ?

எந்தப் பகுதியில் கடுப்புத் தொடங்கிற்று, எந்தப் பகுதியில் நடுக்கம் தோன்றிற்று, பெருவிரலின் அடியிலுள்ள சதைமேட்டிலா முன்கையிலா என்று ஒரு மாணவி குறித்து வைப்பாளாயின், அவள் ஏடு உண்மையான ஆய்வேடு. எண்ணிக்கை குறைவதற்கு முன்பே கடுப்பு வந்ததா, குறைந்தபின் வந்ததா? இவ்வினாவை எழுப்புவதற்கே 'கடுப்பு' என்னும் சொல் தனியாக வேண்டும். எல்லாவற்றையும் சோர்வு என்று மூடிவிட்டால் வினாவே பிறவாது.

கடன்வாங்கிய வரிக்கு ஓர் இயல்பு உண்டு. அதனைச் சொல்பவன் அறியான் என்பதனை அது மறைத்துவிடும். "லாக்டிக் அமிலத்தால் சோர்வுற்றது" என்று எழுதியவனை, அமிலம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தன் சொல்லில் எழுதியவனுக்கு அந்த ஒளிவிடம் இல்லை. "மூன்றாம் பகுதியில் என் கை நடுங்கிற்று, ஆனாலும் எண்ணிக்கை அப்போது குறையவில்லை" என்று எழுதுபவன் கண்டதைத்தான் எழுதமுடியும். தாய்மொழியில் அறிவியல் கற்கவேண்டும் என்று நாம் சொல்வது பெருமைக்காக மட்டுமன்று. தன் மொழியில் தான் கண்டதைச் சொல்லப் பழகியவன், பிறர் சொன்னதையும் கண்டபின்னரே ஏற்பான். ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: காணாததைத் தூய தமிழில் எழுதினாலும் அது காணாததே. லாக்டிக் அமிலத்தைப் பாற்காடி என்று மாற்றிவிட்டதனால் அவ்வரி மெய்யாகிவிடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர் ஏன் அவ்வரியை எழுதுகின்றனர்? மதிப்பெண்ணுக்காக. எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சுகின்றனர். ஆகவே நாம் மதிப்பெண்ணைக் கண்ட செய்திக்கும், எழுப்பிய ஐயத்திற்கும், மீண்டும் செய்து பார்த்த உழைப்புக்கும் கொடுப்போம். "என் எண்ணிக்கை குறையவில்லை, ஏனென்று தெரியவில்லை" என்று நேர்மையாக எழுதிய ஏட்டைத் தள்ளிவிடாதீர்கள். அப்படி எழுதுபவனே நாளை ஆய்வாளனாவான். வரவேண்டிய விடை இதுதான் என்று தெரிந்து, எண்ணிக்கையைத் திருத்தி எழுதப் பழகிய பிள்ளை, பிற்காலத்தில் மருந்தின் அளவையும் பாலத்தின் வலிமையையும் அவ்வாறே திருத்தி எழுதமாட்டானா?

இன்னொன்று. அயர்வுக்கோட்டைக் கொண்டு மாணவர்க்கு முதலிடம், கடையிடம் என்று வரிசை இடவேண்டா. கோடு ஆளுக்கு ஆள் வேறென்று மோசோ அன்றே காட்டினார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து குடத்தில் நீர் சுமந்து, தம்பி தங்கையர்க்கு உணவாக்கி, நடந்தே பள்ளிக்கு வரும் சிறுமியின் கோடு, ஊர்தியில் வந்திறங்கும் சிறுவனின் கோட்டினும் தாழத் தொடங்கினால், அது அவள் குறையா? அவள் நாள் தொடங்கியது கவ்வியைப் பிடித்தபோதன்று. திருவள்ளுவர் மடியின்மைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தார். மடி வேறு, அயர்வு வேறு. மடி, வேலைக்குமுன் நின்று தடுப்பது. அயர்வு, வேலைக்குப்பின் வருவது. உழைத்தவனுக்கே அயர்வு உண்டு. முதல் மணியிலேயே மேசையில் தலைசாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று அழைக்குமுன், இப்பிள்ளை எந்த வேலையை முடித்துவிட்டு வந்திருக்கின்றது என்று கேட்டறிவதே இவ்வாய்வு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

மாணவர்களுக்கு

தம்பியரே! தங்கையரே! இன்று வீட்டுக்குச் சென்றதும் கொடியிலிருந்து ஒரு கவ்வியை எடுங்கள். அம்மாவையும் செய்யச் சொல்லுங்கள். பல்லாண்டுகள் ஈரத்துணியைப் பிழிந்த அவர்தம் விரல்களின் கோடு உங்கள் கோட்டினும் வேறாக இருக்கக்கூடும். இருக்கின்றதா என்று பாருங்கள். அப்பாவின் கோட்டையும் வரையுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக ஒன்றையும் நம்பவேண்டா. கண்டதைக் கண்டவாறு எழுதுங்கள். கண்டதற்கும் கருதியதற்கும் இடையே ஒரு கோடு கிழித்து, கோட்டின் மேலே கண்டதையும் கீழே கருதியதையும் வையுங்கள். கீழே உள்ளது நாளை மாறலாம், அதில் இழுக்கில்லை. நோபல் பரிசாளர்க்கே அது மாறிற்று. மேலே உள்ளது மட்டும் உங்கள் கையால், உங்கள் சொல்லால் எழுதப்பட்டதாக இருக்கட்டும்.